பெட்டியின் மேல் எழுதியிருப்பது



முளா நதியும் பவனா நதியும் ஒன்றுகூடும் இடத்துக்கு அருகில், புணே நகரை ஒட்டி, சாங்வி என்ற ஊர் இருக்கிறது. பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்த அவ்வூரைப் பழைய சாங்வி என்றும் புதிய சாங்வி என்றும் இரண்டாகப் பிரித்து வழங்குவர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் நான் பல ஆண்டுகளாக அங்கே குடியிருந்து வருகிறேன். என்னைப் போலவே தமிழ்நாட்டை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் செகந்திராபாத்திலும் வாழ்கின்ற உங்களோடு இன்று ஒரு கடைத்தெரு விஷயத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

எங்கள் தகப்பனார் காலத்தில் வீட்டுக்கு ஒரு மிதிவண்டியோ தையல் இயந்திரமோ வாங்குவதென்றால் குடும்பம் முழுவதும் கூடி யோசிக்கும். விவரம் அறிந்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டுதான் கடைக்குப் போவார்கள். இன்று அந்த இடத்தை மடிக்கணினி பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அந்தச் சொல் கிராமத்துப் பாட்டிமார்களின் வாயிலும் புழங்கத் தொடங்கிற்று. வெளி மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. நாம்தான் வாங்கிக் கொடுக்கவேண்டும். அதோடு, விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட மானிட்டர், கையில் ஏந்தி ஆடும் கன்சோல் ஆகியவற்றின் பெயர்களும் இப்போது வீட்டுப் பேச்சில் வந்துவிட்டன. இம்மூன்றையும் வாங்கச் செல்கின்றவர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதே என் பேச்சு. நான் இதில் நிபுணன் அல்லன். ஒரு முறை ஏமாந்தவன். ஏமாந்தவன் சொல்லுக்கும் ஓரளவு மதிப்பு உண்டு அல்லவா?

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் என் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். பாடக் குறிப்புகள் யாவும் கணினி வழியாகவே வருகின்றன என்று அறிந்ததும், நகரத்தில் ஒரு கடைக்குச் சென்று, புதுப்பிக்கப்பட்ட பழைய மடிக்கணினி ஒன்றைப் பதினேழாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து குத்தகை முடிந்து வந்த உயர்தரக் கருவி என்று கடைக்காரர் கூறினார். அது பொய்யன்று. பிறகு அவர், “பில் வேண்டாமென்றால் விலையைக் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்” என்றார். மடிக்கணினிக்குச் சரக்கு, சேவை வரி 18 சதவீதம். அந்தத் தொகை மிச்சமாகிறதே என்று நானும் தலையசைத்துவிட்டேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் அப்படித் தலையசைத்திருக்கக் கூடாது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

இரண்டு மாதத்தில் திரையில் கோடுகள் விழுந்தன. பிறகு மின்னேற்றம் ஏறவில்லை. கடைக்குத் தூக்கிச் சென்றேன். “இது நாங்கள் விற்றதுதான் என்பதற்கு என்ன சான்று?” என்ற ஒரே கேள்வியை அவர் கேட்டார். என் கையில் விடை இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் பின்னர்த் தெரிந்தது. அக்கருவியில் இருந்தது இன்டெல் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 11 இயங்க வேண்டுமானால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்பது மைக்ரோசாப்டின் விதி. விண்டோஸ் 10-க்கு அந்நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே அது பழுதாகாமல் இருந்திருந்தாலும் நான்கு மாதத்தில் பழங்கணினி ஆகியிருக்கும். புதுப்பித்த கருவிகள் யாவும் தீயவை என்று நான் சொல்லவில்லை. செயலியின் தலைமுறையைக் கேளாமலும், பட்டியல் பெறாமலும் வாங்குவதுதான் தவறு.

தீபாவளியை ஒட்டி எங்களுக்குக் கிடைத்த போனஸ் 6,908 ரூபாய். அதையும், மனைவி சீட்டுப் போட்டுச் சேர்த்த தொகையையும், கையிருப்பையும் கூட்டிப் பார்த்தபோது ஐம்பதாயிரம் தேறிற்று. இம்முறை பட்டியலோடுதான் வாங்குவது என்று தீர்மானித்தோம். அப்போது பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன் தன் விண்ணப்பத்தையும் வைத்தான். அவனுக்கு 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வேண்டுமாம். அது இயலாதென்றால் கையில் வைத்து ஆடும் கன்சோலாவது வேண்டுமாம். மகளுக்கு மடிக்கணினி இல்லாமல் முடியாது. ஐம்பதாயிரத்துக்குள் யாருக்கு எது என்ற வழக்கு வீட்டில் மூண்டது.

நான் என் தொழிலை நினைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தால், அதை மொழிபெயர்க்கும் முன் ஒவ்வொரு சொல்லும் எதை உறுதி கூறுகிறது, எதைக் கூறாமல் நழுவுகிறது என்று பார்ப்பேன். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் விவரங்களையும் ஏன் அவ்வாறு பார்க்கக் கூடாது? மகனை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த மொழிபெயர்ப்பைச் செய்தோம். நாங்கள் கண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மானிட்டர். ஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடிக்குத் திரை எத்தனை முறை தன் படத்தைப் புதுப்பிக்கிறது என்பதன் கணக்கு. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி விநாடி நிற்கிறது. 144 ஹெர்ட்ஸ் திரையில் 6.9 மில்லி விநாடி, 165-இல் 6.1. அறுபதிலிருந்து நூற்று நாற்பத்து நான்குக்குப் போகும்போது ஏறக்குறைய பத்து மில்லி விநாடி குறைகிறது. ஓடும் உருவம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் 144-இலிருந்து 165-க்குப் போனால் குறைவது ஒரு மில்லி விநாடிகூட இல்லை. அந்த வேறுபாட்டுக்காக அதிக விலை கொடுப்பது வீண் என்பதை என் மகனே கணக்கிட்டுச் சொன்னான்.

இன்னொன்று. திரை எவ்வளவு வேகமானதாயினும், படங்களை வரைந்து அனுப்ப வேண்டியது கணினி. தனியாக வரைகலைச் செயலி இல்லாத குறைந்த விலைக் கணினி, இலேசான ஆட்டங்களில் வேண்டுமானால் விநாடிக்கு நூறு படம் வரையும்; புதிய, பெரிய ஆட்டங்களில் முப்பதுக்கே மூச்சு வாங்கும். நூற்று நாற்பது பேருக்கு இலை போட்டுவிட்டு முப்பது பேருக்குச் சோறு வடித்தாற்போல ஆகும். இலையை எண்ணும் முன் அடுப்பில் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. 1920-க்கு 1080 புள்ளி கொண்ட திரை 24 அங்குலமாயின், அங்குலத்துக்கு 92 புள்ளிகள் அமைகின்றன. அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகிவிடும். எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். 27 அங்குலம் வேண்டுவோர் 2560-க்கு 1440 புள்ளி கொண்டதை வாங்குவது நலம். அடுத்து, திரையின் வகை. ஐ.பி.எஸ். வகையில் எப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. வி.ஏ. வகையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். ஆனால் இருண்ட காட்சிகளில் அசையும் உருவம் சற்றே இழுபடும். டி.என். வகை மலிவு, பக்கவாட்டில் பார்த்தால் வெளிறும். ‘ஒரு மில்லி விநாடி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் மிகக் கடுமையான அமைப்பில் அளந்தது. அந்த அமைப்பில் ஆடினால் உருவங்களைச் சுற்றி நிழல்போன்ற வெள்ளை ஓரம் தெரியும். ‘வரை’ என்ற சொல் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கேதான் நாம் நின்று படிக்க வேண்டும். திரையின் முதுகில் 75 அல்லது 100 மில்லி மீட்டர் இடைவெளியில் நான்கு துளைகள் உண்டா என்றும் பாருங்கள். இருந்தால், சிறிய வீடுகளில் சுவரிலோ மேசைக் கையிலோ அதனைப் பொருத்திவிடலாம்.

இனிக் கன்சோல். கையில் வைத்து ஆடும் மின்னணு விளையாட்டு நமக்குப் புதியதன்று. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1980-ஆம் ஆண்டிலேயே கடிகாரத்துடன் கூடிய சிறு விளையாட்டுக் கருவிகளை வெளியிட்டது. 1989-இல் அதன் கேம் பாய் வந்தது. சென்னைப் பர்மா பஜாரில் தொண்ணூறுகளில் கிடைத்த, செங்கல் அடுக்கும் ஆட்டப் பெட்டிக்காக நான் என் தகப்பனாரிடம் அழுதது நினைவிருக்கிறது. 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் இத்துறைக்கு மறுவாழ்வு தந்தது. 2022-இல் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் வெளியாயிற்று. ஆயினும் அதன் விற்பனைப் பட்டியலில் அன்று இந்தியா இடம் பெறவில்லை. 2023 ஜூலையில் அசூஸ் நிறுவனத்தின் ராக் ஆலை நம் நாட்டிலேயே 69,990 ரூபாய் விலையில் விற்பனைக்கு வந்தது.

இவற்றில் நாங்கள் கண்ட செய்திகள் மூன்று. முதலாவது, இறக்குமதியாளர் கொண்டுவந்து விற்கும் கருவிக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பது. கடைக்காரர் ‘உண்டு’ என்றால், அது யாருடைய உத்தரவாதம் என்று எழுதி வாங்க வேண்டும். இரண்டாவது, மின்கலம். ராக் ஆலையின் மின்கலம் 40 வாட்-மணி கொள்வது. ஒரு கனமான ஆட்டம் 25 வாட் இழுத்தால், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். திரையும் காற்றாடியும் இழுப்பதைச் சேர்த்தால் அதுவும் வராது. புணேயிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஆடிக்கொண்டே போகலாம் என்ற கனவு லோணாவளாவுக்குப் போய் வருவதற்குள் கலைந்துவிடும். மூன்றாவது, ‘பத்தாயிரம் ஆட்டங்கள் உள்ளே’ என்று கூவி விற்கும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்ப் பெட்டிகள். அவற்றில் பெரும்பாலானவை உரிமை பெறாமல் நகலெடுத்த பழைய ஆட்டங்கள். திருட்டுப் பொருளைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்கு நேர்மையை எவ்வாறு போதிப்பது?

விளையாட்டைப் பற்றிப் பெற்றோர்க்குள்ள அச்சத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரி முதல், விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமையும் ஒரு நோயாக இடம் பெற்றிருக்கிறது. ஆனால் அளவோடு ஆடுவதை அந்நிறுவனம் நோயென்று சொல்லவில்லை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் வேறு. அவற்றைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறிற்று. கூடத்து மேசையில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கும் திரையைவிட, போர்வைக்குள் ஒளிரும் கைப்பேசிதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது. மானிட்டர் வேண்டும் என்ற மகனின் விண்ணப்பத்தை நான் உடனே தள்ளாததற்கு அதுவே காரணம்.

மூன்றாவதாக மடிக்கணினி. குறைந்த விலையில் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது நினைவகம். எட்டு ஜி.பி. குறைந்த அளவு; பதினாறு இருந்தால் ஐந்தாண்டு கவலையில்லை. அந்த நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, பின்னர் மாற்றக் கூடியதா, காலி இடம் உண்டா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். 2025-இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை பெருகியதால், உலகெங்கும் நினைவகத்தின் விலை ஏறத் தொடங்கிற்று. அதற்காகக் குறைவான நினைவகம் கொண்ட, காலி இடமும் இல்லாத கருவியை வாங்கிவிட்டால், பிறகு எத்தனை பணம் இருந்தாலும் பயனில்லை. சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. ஆக இருக்க வேண்டும். மிக மலிவான சில கருவிகளில் வரும் ஈ.எம்.எம்.சி. அதைவிட மெதுவானது.

செயலியின் பெயரில் இருக்கும் எண்ணைப் பார்த்து மயங்குவது பெருந்தவறு. ரைசன் 5 7520யு என்ற பெயரைக் காண்போம். ‘ஏழாயிரம்’ என்றதும் புதியது என்று தோன்றும். ஆனால் மூன்றாம் இலக்கமாகிய 2, அதன் உள்ளமைப்பு 2019-இல் வந்த ஜென் 2 என்பதைக் காட்டுகிறது. அது கெட்ட செயலி அன்று. எழுதவும் படிக்கவும் போதும். ஆயினும் புதியதன் விலையைக் கொடுத்து அதை வாங்கக் கூடாது. இதைக் கண்டுபிடித்தவன் என் மகன்தான். விளையாட்டு மடிக்கணினிகளிலும் இத்தகைய மறைவு உண்டு. ஆர்.டி.எக்ஸ். 4050 என்ற ஒரே பெயர் கொண்ட வரைகலைச் செயலி, ஒரு கருவியில் 35 வாட்டிலும் மற்றொன்றில் 115 வாட்டிலும் இயங்கலாம். பெயர் ஒன்று, உழைப்பு வேறு. வாட் எத்தனை என்று கேட்டால் விற்பவரே நம்மைச் சற்று மரியாதையோடு நிமிர்ந்து பார்ப்பார்.

எங்கே வாங்குவது? சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு, தில்லியில் நேரு பிளேஸ் என்று ஊருக்கொரு தெரு உண்டு. புணேயில் தகடூசேட் கணபதி கோயில் இருக்கும் புத்வார் பேட்டையில் தப்கீர் கல்லி மின்னணுப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. சாங்வியிலிருந்து தாபோடி நிலையத்துக்கு வந்து மெட்ரோ ஏறினால் விரைவில் போய்விடலாம். வாங்காவிட்டாலும் ஒருமுறை நடந்து பாருங்கள். திரையைக் கண்ணால் பார்ப்பதற்கும் படத்தில் பார்ப்பதற்கும் வேறுபாடு மிகுதி. மராத்தியில் இரண்டு வார்த்தை பேசி, ‘பாவூ’ என்று அழைத்துவிட்டால், கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டத் தயங்குவதில்லை. இணையத்தில் வாங்குவோர், பெட்டியைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வது காப்பு.

நாம் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ரிச்சி தெருவில் வாங்கி வருவதும் உண்டு. அப்படி வாங்கினால் பழுதுக்கு யாரிடம் போவது என்று பலர் அஞ்சுகின்றனர். இங்கேதான் நீங்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பட்டியல் கொடுக்காமல் விற்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் அச்சட்டம் முறையற்ற வாணிகம் என்றே சொல்கிறது. பட்டியலில் காலவரை குறிக்காவிட்டால் முப்பது நாள் என்பது கணக்கு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்ட வரியைக் கண்டு நாம் வாயடைத்துப் போகத் தேவையில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தமிழிலும் முறையிடலாம். தொலைவில் வாழும் நமக்கு இது பெரிய துணை. ஆனால் இத்தனைக்கும் அடிப்படை ஒரு துண்டுக் காகிதம். அந்தப் பட்டியலைத்தான் நான் ஜூன் மாதத்தில் வேண்டாமென்று விட்டுவிட்டேன். பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். மடிக்கணினி, மின்னணு விளையாட்டுக் கருவி முதலியவற்றுக்கு அப்பதிவைக் கட்டாயமாக்கும் ஆணை 2012-லேயே பிறந்துவிட்டது.

எங்கள் வழக்கு எவ்வாறு தீர்ந்தது என்று கேட்பீர்கள். கன்சோல் முதல் சுற்றிலேயே விலகிற்று. மடிக்கணினியும் மானிட்டரும் எஞ்சின. மகளுக்கு எட்டு ஜி.பி. கருவி வாங்கினால் மகனுக்கும் திரை வாங்கலாம். பதினாறு வாங்கினால் திரைக்குப் பணம் இராது. நான் முடிவு சொல்லவில்லை. அட்டைகளை எல்லாம் என்னோடு சேர்ந்து படித்த பையன், இரண்டு நாள் பேசாமல் இருந்தான். மூன்றாம் நாள் இரவு, “அக்காவுக்குப் பதினாறே வாங்குங்கள் அப்பா. எட்டு வாங்கினால் இரண்டு வருஷத்தில் மறுபடியும் இதே பேச்சுதான் வரும். என் திரை அடுத்த தீபாவளிக்கு இருக்கட்டும்” என்றான். விட்டுக்கொடுத்தான் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. அவன் விட்டுக்கொடுக்கும் நிலையில் வைத்துவிட்டேனே என்பதில் வருத்தம். ஜூன் மாதத்தில் நான் இழந்த பதினேழாயிரம் கையில் இருந்திருந்தால் அந்தத் திரை அன்றே வந்திருக்கும். அவன் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இறுதியாக ஒன்று. நமக்கு விற்கப்படும் மடிக்கணினிகளின் விசைப் பலகையில் தமிழ் எழுத்துகள் அச்சிடப்பட்டிருப்பதில்லை. அதனால் அதில் தமிழ் எழுத இயலாது என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ்நாட்டு அரசு 1999-ஆம் ஆண்டில் தரப்படுத்திய தமிழ் 99 என்னும் விசை முறை, விண்டோஸிலேயே இருக்கிறது. அமைப்புப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும், காசு கொடுக்க வேண்டியதில்லை. மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க இது ஒரு வழி. புதிய கருவி வந்த அன்று, என் மகள் தஞ்சைப் பக்கத்தில் இருக்கும் பாட்டிக்குப் பத்து வரி எழுதி அனுப்பினாள். மறுநாள் பாட்டியிடமிருந்து தொலைபேசி வந்தது. “கடிதம் நன்றாக இருக்கிறது. ஆனால் ‘சிறிய’ என்பதற்குச் சின்ன ‘ர’ போட்டிருக்கிறாயே, உன் அப்பன் பார்க்கவில்லையா?” என்று கேட்டாராம்.

நான் பெட்டியில் எழுதியிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி இதையும் பார்க்க வேண்டும்.